கிருஷ்ணகிரி ஞாயிறு கீதை வகுப்பு: 18 வாரம் போய்வந்த ஒரு மாந்தோப்புக்காரியின் மதிப்புரை

சென்ற ஆனியில் எங்கள் தோப்புப் பெங்களூரா ரக மாங்காயைக் கிலோ 5 ரூபாய்க்குக் கொடுத்தோம். மொத்தம் 8 டன். பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போகக் கையில் நின்றது 19,000 ரூபாய். மருந்துக் கடைப் பாக்கி மட்டும் 22,000. கடைசி லோடு கிளம்பிய அன்று சாயங்காலம், இனி இந்த மரங்களுக்கு ஒரு சொட்டு மருந்து கிடையாது, கவாத்தும் கிடையாது, என்னவோ ஆகட்டும் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த மனநிலையோடுதான் ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இந்த வகுப்புக்குப் போனேன். கார்த்திகைத் தொடக்கம் வரை 18 வாரம் நடந்தது. இரண்டு வாரம்தான் தவறவிட்டேன். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் விவரம். இடம் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம், ஒரு மண்டபத்தின் மாடி. ஞாயிறு காலை ஆறரை முதல் எட்டரை வரை. கட்டணம் இல்லை. சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த நகல் கட்டு 50 ரூபாய், அது ஜெராக்ஸ் கடைக்குப் போகிற காசு. ஏழரை மணிக்கு டீயும் நிப்பட்டும் வரும். வாரம் ஒருவர் பொறுப்பு. நடத்துகிறவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கணக்கு வாத்தியாரின் வகுப்பு என்று அந்தப் பக்கம் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நான் காவேரிப்பட்டணம் பக்கத்துக்காரி. நாலு ஏக்கர் தோப்பு. பெங்களூரா அதிகம், ஓரத்தில் கொஞ்சம் செந்தூராவும் இரண்டு மல்கோவாவும். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். தோப்பை நானும் மாமனாரும்தான் பார்க்கிறோம். கிருஷ்ணகிரியில் இருக்கும் நாத்தனார்தான் "அண்ணி, வந்து சும்மா உட்காருங்க, பிடிக்கலைன்னா டீ குடிச்சிட்டுப் போயிடலாம்" என்று கூட்டிப்போனாள்.

கீதை மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் வருகிறது. 18 அத்தியாயம், 700 சுலோகம். இந்த வகுப்பில் அத்தனையும் நடத்துவதில்லை. வேலை செய்வது, அதே சமயம் பற்றில்லாமல் இருப்பது, இந்த ஒரு விஷயத்துக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் அத்தியாயத்தின் பின்பாதி, மூன்றாவது முழுவதும், ஐந்திலும் ஆறிலும் பன்னிரண்டிலும் சில சுலோகங்கள், கடைசியாகப் பதினெட்டு. முழுக் கீதையும் கற்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு இது போதாது. ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு மனசு புண்ணாகி இருக்கிறவர்களுக்குத்தான் இந்த வகுப்பு.

முதல் நாள் அவர் பாடத்தைத் தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மண்டபச் சுவரில் நாம் எல்லாக் கடையிலும் பார்க்கிற அந்தக் கீதாசாரப் படம் மாட்டியிருந்தது. "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது" என்று தொடங்குமே, அதேதான். ஒரு பையனை எழுப்பி முழுவதும் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "700 சுலோகத்துல இது எந்த இடத்துல இருக்கு, யாராவது எடுத்துக் காட்டுங்க" என்றார். முன்வரிசையில் தடிப்புத்தகம் வைத்திருந்த ஒரு பெரியவர் பத்து நிமிஷம் புரட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்த வாசகம் கீதையில் எந்தச் சுலோகத்தின் மொழிபெயர்ப்பும் இல்லை. இத்தனை வருடம் எங்கள் வீட்டு சாமி ரூமிலும் அதுதான் தொங்குகிறது. வாத்தியார் அதைக் கேலி செய்யவில்லை. எத்தனையோ பேருக்கு அது ஆறுதல் கொடுத்திருக்கிறது, இருக்கட்டும், கிருஷ்ணன் சொன்னது என்ன என்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போர்டுக்குத் திரும்பினார்.

அடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒரே சுலோகம்தான். இரண்டாம் அத்தியாயம், 47. "கர்மண்யேவாதிகாரஸ்தே மா பலேஷு கதாசன" என்று எல்லோருக்கும் காதில் விழுந்ததுதான். தமிழில் "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று சுருக்கிவிட்டோம். அவர் போர்டில் கணக்குப் போடுவதுபோல் நாலு வரியாகப் பிரித்து எழுதினார். வேலையில்தான் உனக்கு உரிமை. அதன் பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனுக்குக் காரணமாக நீ ஆகாதே. வேலை செய்யாமல் இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம்.

நாம் சொல்கிற தமிழ் வாக்கியத்தில் இருப்பது முதல் இரண்டுதான். மூன்றாவதும் நாலாவதும் விழுந்துபோயின. மூன்றாவது வரிக்கு அவர் இரண்டு விதமாகப் பொருள் சொன்னார். பலனை மட்டுமே காரணமாக வைத்து வேலையில் இறங்காதே என்பது ஒன்று. விளைந்ததற்கெல்லாம் நானே காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே என்பது இன்னொன்று. எது சரி என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. எனக்கு இரண்டாவது நெருக்கமாகப் பட்டது. 8 டன் காய்த்தபோது என்னால் காய்த்தது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். விலை விழுந்ததும், என்னால் ஆகவில்லையே என்று படுத்துக்கொண்டவளும் நான்தான்.

நாலாவது வரி வந்த அன்று கையைத் தூக்கினேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, குரல் நடுங்கியது.

"ஐயா, விலை விழுந்துபோச்சு. இந்த வருஷம் மரத்துக்குக் கவாத்தே வேணாம்னு விட்டுட்டேன். இது பற்றை விட்டதா ஆகுமா?"

"ஏம்மா, வேணாம்னு விட்டப்புறம் கோவம் போச்சா?"

"இல்லைங்கய்யா. அப்படியேதான் இருக்கு."

"அப்போ பற்றும் அப்படியேதான் இருக்கு. வேலையை மட்டும்தான் விட்டிருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்தவர் கேள்விக்குப் போய்விட்டார். பஸ்ஸில் திரும்பும்போது கே.ஆர்.பி. அணை வரை நான் நாத்தனாருக்குப் போன்கூடச் செய்யவில்லை. அந்த வாரம் புதன்கிழமை இரண்டு ஆள் கூப்பிட்டுக் கவாத்தை ஆரம்பித்தேன். காய்ந்த கிளை, தரையைத் தொடும் கிளை, உள்ளே வெயில் விழாமல் மறைக்கிற கிளை எல்லாவற்றையும் எடுத்து, வெட்டுக்காயத்தில் அழுகல் வராமலிருக்கப் போர்டோ பசை என்கிற மருந்தைப் பூசி முடிக்க ஒன்பது நாள் ஆனது. மாமனார் ஒன்றும் கேட்கவில்லை, ரம்பத்துக்குச் சாணை பிடித்துக் கொடுத்தார்.

இந்தப் பேச்சின் முழு அர்த்தமும் பல வாரம் கழித்துப் பதினெட்டாம் அத்தியாயத்தில் கிடைத்தது. விடுவதில் மூன்று வகை உண்டு என்று அங்கே வருகிறது. செய்ய வேண்டிய வேலையை மயக்கத்தில் விடுவது தாமசம். உடம்பு நோகுமே என்று பயந்து, துன்பம் என்று விடுவது ராஜசம். அப்படி விட்டவனுக்கு விட்டதன் பலனும் கிடைக்காது என்று கிருஷ்ணன் சொல்கிறார். வேலையைச் செய்துகொண்டே ஒட்டுதலையும் பலனையும் விடுவதுதான் சாத்விகம். நான் ஆனியில் விட்டது இரண்டாவது வகை. அதற்கு நான் வைராக்கியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஐந்தாவது வாரம் நடந்ததைக் கட்டாயம் எழுத வேண்டும். இந்த வகுப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ராயக்கோட்டைப் பக்கமிருந்து தக்காளி போடுகிற ஒருவர் வருவார். எப்போதும் கடைசியில் நின்றுகொண்டே கேட்பார். அன்று அவர் சத்தமாகவே கேட்டார். "பலனை எதிர்பாராதேன்னு சொல்லித்தானே எங்க தலையில எல்லாரும் மொளகா அரைக்கிறாங்க? வாங்குறவன் பலனை எதிர்பார்க்கலாம், வெளையவைக்கிறவன் மட்டும் எதிர்பார்க்கக் கூடாதா?" மண்டபமே அமைதியாகிவிட்டது. எனக்கும் உள்ளே கிடந்த கேள்வி அதுதான்.

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். கீதை எங்கே சொல்லப்பட்டது என்று திருப்பிக் கேட்டார். போர்க்களத்தில். யாருக்கு? பங்கு மறுக்கப்பட்டவனுக்கு. அந்தப் பங்கை விட்டுவிட்டுப் பிச்சை எடுத்துப் பிழைக்கிறேன் என்று வில்லைக் கீழே போட்டவனிடம், எழுந்திரு என்று சொன்னதுதான் கீதை. அதற்கு முன்னால் ஐந்து ஊராவது கொடுங்கள் என்று கேட்டுத் தூது போனதும் அதே கிருஷ்ணன்தான். நியாயமான விலையைக் கேட்காதே என்று சொல்கிறவரா தூது போவார்? விலை பேசுவதும் விவசாயியின் வேலைதான்; உழுவதைப்போல் அதையும் சரியாகச் செய்ய வேண்டும். கணக்கு வைக்க வேண்டும், நாலு பேரைச் சேர்க்க வேண்டும், மனுக் கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு என்ன கிடைக்கிறது என்பதில் உன் தூக்கத்தையும் நிதானத்தையும் அடகு வைக்காதே. சுலோகம் பேசுவது அதைத்தான் என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். இந்தச் சுலோகத்தை அடுத்தவனுக்குச் சொல்லிக் கூலியைக் குறைக்கிறவன் கீதையைத் தனக்கு இல்லாமல் ஊருக்குப் படிக்கிறவன். மூன்றாம் அத்தியாயத்தில், வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் அனுபவிக்கிறவனுக்குக் கிருஷ்ணன் வைத்திருக்கிற பெயர் திருடன். அங்கே பேச்சு தேவர்களுக்குத் திருப்பிச் செலுத்துவதைப் பற்றியது. ஆனால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த குறள் ஞாபகம் வந்தது. தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும். வள்ளுவரும் கூலி என்றுதான் சொல்கிறார். உடம்பு நொந்ததற்குக் கூலி உண்டு. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. புரட்டாசியில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எங்கள் பக்கத்துப் பதினோரு பேர் சேர்ந்து கூழ் கம்பெனிகள் வாங்குகிற மாங்காய்க்கு அடிப்படை விலை கேட்டு மனுக் கொடுத்தோம். மனுவை எழுதியது நான். வகுப்புக்குப் போவதற்கு முந்தைய நானாக இருந்தால் அழுதுகொண்டோ சண்டை போட்டுக்கொண்டோதான் எழுதியிருப்பேன். இந்தத் தடவை ஏக்கருக்கு என்ன செலவு, என்ன வரவு என்று இரண்டு பக்கம் கணக்கு மட்டும் வைத்தேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஜனகர் வருகிறார். அரசாட்சி செய்துகொண்டே, அந்த வேலை வழியாகவே நிறைவை அடைந்தவர் என்று அவரைக் கிருஷ்ணன் உதாரணம் காட்டுகிறார். ராஜா கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதையடுத்து வாத்தியார் சொன்னதுதான் ஒட்டியது. கொங்கணவர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். எச்சம் போட்ட கொக்கை முறைத்துப் பார்த்தே எரித்துவிட்டு, வள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சைக்கு நின்றவரிடம், கணவருக்குச் சோறு போட்டுவிட்டு வந்த வாசுகி அம்மையார், "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்று கேட்ட கதை. இதே கதை மகாபாரதத்தின் வன பருவத்தில் கௌசிகன் என்கிற பிராமணன் பேரில் இருக்கிறது. அங்கே அந்த வீட்டுப் பெண், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டுமானால் மிதிலைக்குப் போ, அங்கே தர்மவியாதன் இருக்கிறான் என்று அனுப்புகிறாள். போய்ப் பார்த்தால் அவன் இறைச்சிக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கிறான். வந்தவரைக் காக்கவைத்துவிட்டுக் கையிலிருந்த வேலையை முடிக்கிறான். அடுப்படியிலும் கசாப்புக்கடையிலும் இருந்தவர்களுக்குக் கைகூடியது காட்டில் தவம் செய்தவருக்குக் கைகூடவில்லை. அன்று மண்டபத்தில் இருந்த பெண்கள் முகத்தை நான் பார்த்தேன். தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், "இதை ஏன் எங்களுக்கு முன்னாடியே யாரும் சொல்லலை?" என்று கேட்டார். கொங்கணவர் கதையைப் பத்தினியின் சக்தி என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். வேலையில் முழு மனசோடு இருந்தவளின் சக்தி என்று யாரும் சொல்லவில்லை.

நம் ஊர் உதாரணமும் ஒன்று வந்தது. தருமபுரியின் பழைய பெயர் தகடூர்; 2004 வரை நாங்களும் தருமபுரி மாவட்டம்தான், அதனால் அதியமான் எங்களுக்கும் சொந்தக்காரர். அவர் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது புறநானூற்றின் 91ஆம் பாட்டில் இருக்கிறது. பெரிய மலைப் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியிலிருந்து பறித்த கனி. அதைத் தின்றால் என்ன ஆகும் என்பதை மனசுக்குள் அடக்கிக்கொண்டு, சாவு நீங்கும்படி எனக்குக் கொடுத்தாயே என்று ஔவையார் பாடுகிறார். பாட்டில் கீதையும் இல்லை, யோகமும் இல்லை. ஆனாலும் வாத்தியார் அதை இங்கே கொண்டுவந்தது பொருத்தம் என்றே நினைக்கிறேன். ஏறும்போது அதியமான் அலட்சியமாக ஏறியிருக்க முடியாது. கனியின் அருமை முழுக்கத் தெரிந்தும் கொடுத்தார், அருமையைச் சொல்லாமலும் கொடுத்தார். வேலையில் குறைவைப்பதும் பலனை விடுவதும் ஒன்றே என்று நினைக்கிற எல்லோருக்கும் இந்தப் பாட்டைக் காட்டலாம்.

குறைகளும் இருக்கின்றன. முதல் இருபது நிமிஷம் சுலோகப் பாராயணம். நகல் கட்டில் க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு எந்த அடையாளமும் இல்லை. எங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், எங்கே மெலிதாக என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. ஐந்தாறு வாரம் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தளக் கழிப்பறையை ஏழு மணிக்குத்தான் திறக்கிறார்கள்; முதல் பஸ் பிடித்து வருகிற பெண்களுக்கு அது பெரிய சிரமம். முன்வரிசையில் இரண்டு பேர் அத்வைதமா விசிஷ்டாத்வைதமா என்று தொடங்கினால் அரைமணி நேரம் போய்விடும். வாத்தியார் அதைத் தடுப்பதில்லை, தடுக்க வேண்டும்.

எனக்கு மனசு வலித்த குறை வேறு. பத்தாவது வாரம் என்று நினைக்கிறேன். மகன் பரீட்சையில் தவறிவிட்டு மூன்று மாதமாக ரூமை விட்டு வெளியே வராமல் இருக்கிறான், அவனைப் பார்த்து என் உயிரே போகிறது, இதில் பற்றை எப்படி விடுவது என்று ஒரு அம்மா கேட்டார். வாத்தியார், பதின்மூன்றாம் அத்தியாயத்தில் மகன், மனைவி, வீடு இவற்றில் பற்றில்லாமை என்று ஞானத்தின் அடையாளமாகச் சொல்லியிருக்கிறது என்று சுலோகத்தைச் சொன்னார், பொருளைச் சொன்னார், அடுத்ததற்குப் போய்விட்டார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது நாத்தனார் சொன்னாள்: "பலாப்பழம் அறுக்கறதுக்கு முன்னாடி கையில எண்ணெய் தடவிக்கணும்னு ராமகிருஷ்ணர் சொல்லியிருக்காரே, அதைச் சொல்லியிருக்கலாம் அண்ணி." ஆமாம். பலாப்பழத்தைத் தொடாதே என்று ராமகிருஷ்ணர் சொல்லவில்லை. அறுக்கத்தான் வேண்டும், சுளை எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டத்தான் வேண்டும், பால் ஒட்டாமல் இருக்க எண்ணெய். ஒரு தாயிடம் சொல்ல வேண்டியது அதுதான். அவள் கையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கக் கூடாது பதில்.

நான் திரும்ப மாடிக்குப் போய் வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தப்புதாம்மா. சுலோகம் கையில இருந்துச்சு, அவங்க முகத்தைப் பார்க்கலை" என்றார். அடுத்த வாரம் பாடத்துக்கு முன்னால் எல்லோர் எதிரிலும், போன வாரம் நான் சொன்ன பதில் சரியில்லை என்று சொல்லிப் பலாப்பழ உதாரணத்தைச் சொன்னார். கேட்க வேண்டிய அம்மா அன்று அங்கே இல்லை. அந்தக் குறை அப்படியே நிற்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு நாலே பேர் வந்திருந்தோம். ஆரம்பித்தபோது நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வகுப்பை ஒத்திவைப்பார் என்று நினைத்தேன். ஆறரைக்குப் போர்டைத் துடைத்து, தேதி போட்டு, எட்டரை வரை முழுப் பாடமும் எடுத்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாற்பது பேருக்குத் தயார் செய்த அதே குறிப்புகள். அன்று பாடம், வெற்றி தோல்வியில் சமமாக நின்று வேலை செய், அந்தச் சமநிலைக்குத்தான் யோகம் என்று பெயர் என்கிற, இரண்டாம் அத்தியாயத்து 48ஆம் சுலோகத்தின் மறுபார்வை. எனக்கு அந்தச் சுலோகம் பதிந்தது விளக்கத்தால் இல்லை, அவர் அன்று நின்ற விதத்தால்.

பதினெட்டாம் அத்தியாயம் 78 சுலோகம். அதை இரண்டே வாரத்தில் முடித்துவிட்டார். இது பெரிய நஷ்டம், ஏனென்றால் வேலையைப் பற்றிய நுணுக்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் என்று 14ஆம் சுலோகம் சொல்கிறது: இடம், செய்கிறவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவது தெய்வம். இதை அவர் ஐந்து நிமிஷத்தில் தாண்டினார். நான் வீட்டுக்கு வந்து நோட்டில் கோடு போட்டுத் தோப்புக்கு எழுதிப் பார்த்தேன். இடம், எங்கள் செம்மண். செய்கிறவர், நானும் மாமனாரும். கருவி, ரம்பம், பவர் ஸ்ப்ரேயர், சொட்டுநீர்க் குழாய். முயற்சி, கவாத்து, உரம், மருந்து, மனு. ஐந்தாவது கட்டத்தில் பூக்கிற சமயத்து மழை, பனி, தத்துப்பூச்சி எவ்வளவு வரும், பிஞ்சு எவ்வளவு உதிரும், கூழ் கம்பெனிகள் எப்போது கொள்முதல் தொடங்கும், இதெல்லாம். இத்தனை வருடம் அந்த ஐந்தாவது கட்டத்தையும் என் கட்டமாக நினைத்துத்தான் இராத்திரி முழுவதும் விழித்திருந்தேன். நாலாவது கட்டத்தில் செய்ய வேண்டியதில் பாதியைக்கூடச் செய்ததில்லை.

அதே அத்தியாயத்தின் 26ஆம் சுலோகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிறவர்களில் உயர்ந்தவன் யார் என்று வருகிறது. பற்றை விட்டவன், நான் நான் என்று பேசாதவன், உறுதியும் உற்சாகமும் உடையவன், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாறாதவன். உற்சாகம் என்ற சொல் மூலத்திலேயே இருக்கிறது. பற்றை விட்டவனும் உற்சாகம் உள்ளவனும் ஒரே ஆள் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறது. பற்றில்லாமல் வேலை செய்வது என்றால் பொட்டில்லாத முகம்போல ஏதோ ஒரு வெறுமையோடு செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யூடியூபில் எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். இந்தச் சொல்லை யாராவது சொல்லியிருக்கலாம், என் காதில் விழவில்லை. போர்டில் அதற்கு அடியில் மட்டும் அவர் இரண்டு கோடு போட்டார்.

இப்போது தை. பெங்களூரா பூவெடுத்திருக்கிறது. பூக்கொத்து வெளிவரும்போதே முதல் மருந்து கொடுத்தாயிற்று. பூ விரிந்திருக்கும்போது அடித்தால் தேனீயும் ஈயும் செத்துப்போகும், காய் பிடிக்காது. அதனால் இனி பட்டாணி அளவு பிஞ்சு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூ இருக்கும். கடைசியில் தங்குவது ஒரு காய், இரண்டு காய். பூவைப் பார்த்துக் குத்தகை பேச ஒரு வியாபாரி போன வாரம் வந்தார். சொன்ன தொகை குறைவு. என் செலவுக் கணக்கைக் காட்டி இவ்வளவுக்குக் குறைந்தால் இல்லை என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். நான் ஒன்றும் மாறிவிடவில்லை. இந்த வருடம் கிலோ 15 போனால், 8 டன் வந்தால் என்று போன் கால்குலேட்டரில் தட்டுவது இன்னும் நிற்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுத் தூங்குகிறேன், அது புதிது.

அடுத்த சுற்று வரும் ஆடியில் தொடங்குகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டாம் அத்தியாயத்துக்கு ஆறு வாரமாவது ஒதுக்குங்கள் என்று கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். நான் மறுபடி சேருகிறேன். மாமனாரும் வருகிறார். போகிறவர்கள் கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டுபோங்கள், போர்டில் எழுதுவதை அவர் சீக்கிரம் அழித்துவிடுவார். குளிர்காலத்தில் தரை சில்லென்று இருக்கும், ஒரு ஜமுக்காளம் நல்லது. மூட்டுவலி உள்ளவர்கள் ஆறேகாலுக்கே மேலே போய்விடுங்கள், சுவரோரம் எட்டு நாற்காலிதான் இருக்கிறது.